ஓகே ஆன்ட்டி

புதுசா வந்த தீம் பார்க்கைக் கொண்டாடி, பழைய பார்க்குகளை "க்ரிஞ்ச்"னு, அதாவது பார்க்கவே கூசுதுன்னு, ஒரு தம்பி போட்ட வீடியோவை இதுவரைக்கும் பதினோரு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. போதும், பார்த்துட்டேன். அதுக்குக் கீழ நான் போட்ட கமெண்ட்டையும் அந்தத் தம்பி எனக்குப் போட்ட பதிலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பின புண்ணியவான்களுக்குத் தனியா ஒரு கும்பிடு.

"சென்னைக்கு முதல் தீம் பார்க் வந்தாச்சு மக்களே!" இந்த வரிதான் என் பிரச்சினை. திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல வொண்டர்லா பார்க் திறந்ததுல எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணும் இல்லை. சுவிட்சர்லாந்து கம்பெனி செஞ்ச ரோலர் கோஸ்டராம், காலைத் தொங்கப் போட்டுக்கிட்டே தலைகீழாப் போகலாமாம். போங்க, தொண்டை கிழியக் கத்திட்டு வாங்க. ஆனா அது முதல் இல்லை.

நாட்டுல இந்த மாதிரிப் பார்க்குகள் எப்பவோ வந்தாச்சு. டெல்லியில அப்பு கர் திறந்தது 1984ல. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சின்னமா இருந்த யானைக்குட்டி அப்புவோட பேருதான் அது. மும்பையில எஸ்ஸெல் வேர்ல்டு 1989. நம்ம தாம்பரத்துக்குப் பக்கத்துல கிஷ்கிந்தா 1995. தம்பி தலையில தூக்கி வச்சு ஆடுற வொண்டர்லா கம்பெனி கொச்சியில வீகாலேண்டுன்னு தன்னோட முதல் பார்க்கைத் திறந்ததே 2000லதான். அன்னைக்கே கிஷ்கிந்தாவுக்கு அஞ்சு வயசு ஆகிருச்சு. விரல் விட்டு எண்ணினாலே தெரியும், இதுக்கு கூகிள் கூட வேண்டாம்.

"அதெல்லாம் பொருட்காட்சி ராட்டினம் மாதிரிதானே ப்ரோ"ன்னு வீடியோவோட ரெண்டாவது நிமிஷத்துல ஒரு சிரிப்பு. முதல்ல, பொருட்காட்சி ராட்டினத்துக்கு என்ன குறைச்சல்? தீவுத்திடல்ல டெல்லி அப்பளத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ராட்டின உச்சியில ஊசலாடாத ஒருத்தர் எனக்கு உயரத்தைப் பத்திப் பாடம் எடுக்க வேண்டாம். சரி, அது வேற கதை.

கிஷ்கிந்தாவை ஆரம்பிச்சவர் நவோதயா அப்பச்சன். 1984ல இந்தியாவோட முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தயாரிச்சாரே, அவர்தான். பசங்க சுவர்ல நடந்து கூரையில ஆடுற மாதிரி வரும்ல, அதுக்காக ஒரு அறையையே செட்டாப் போட்டுச் சுத்தவிட்டு எடுத்தாங்க. அப்பேர்ப்பட்ட வேலை செஞ்ச ஆளு கட்டின இடத்தைத்தான் ராட்டினம்னு சொல்றீங்க.

உடனே ஒருத்தர் வருவார். "மேடம், அம்யூஸ்மென்ட் பார்க் வேற, தீம் பார்க் வேற." வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். கிஷ்கிந்தைன்னா என்ன? வாலியும் சுக்ரீவனும் ஆண்ட வானர ராஜ்ஜியம். ஊர் முழுக்கக் குரங்குங்க, குதிக்கும் தாவும் கத்தும். பிள்ளைங்க ஆடுற இடத்துக்கு இதை விடப் பொருத்தமா ஒரு தீம் இருந்தா சொல்லுங்க. இங்கிலீஷ்ல பேர் வச்சாத்தான் தீமா?

பாதுகாப்பைப் பத்திக் கேக்குறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. பழைய பார்க்குகள்ல விபத்து நடந்திருக்கு, உயிரும் போயிருக்கு. அது தப்பு, ஒத்துக்குறேன். ஆனா அந்தத் தம்பி பேசினது பாதுகாப்பைப் பத்தி இல்லையே. "க்ரிஞ்ச்"னு சொன்னார். ரெண்டும் ஒண்ணு இல்லை.

வி.ஜி.பி.யைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1998ல செய்யாறுல இருந்து எங்க ஸ்கூல் டூர். மகாபலிபுரம், முதலைப் பண்ணை, வி.ஜி.பி. கோல்டன் பீச். செய்யாறு பக்கம் டூர்னாலே இந்த மூணுதான், கூட டிபன் பாக்ஸ்ல புளிசாதம். எங்க வீட்டு முதல் ரேடியோ தாத்தா அதே வி.ஜி.பி.யோட கடையில தவணைக்கு வாங்கினது. அதனால அந்த மூணு எழுத்துன்னா வீட்டுல ஒரு மரியாதை, சொந்தக்காரங்க எஸ்டேட்டுக்குப் போற மாதிரிதான் என்னை அனுப்பி வச்சாங்க.

அங்க சிலை மாதிரி அசையாம நிக்கிற 'சிலை மனிதன்' ஒருத்தர் இருப்பார். தலைப்பாகை, பெரிய மீசை, கண்ணு மட்டும் எங்கயோ தூரத்துல நிக்கும். அவரைச் சிரிக்க வச்சா பரிசுன்னு பசங்க பேசிக்கிட்டாங்க. எங்க கிளாஸ் பசங்க கோணங்கித்தனம் பண்ணினாங்க, ஆட்டம் போட்டாங்க, ஒருத்தன் எங்க கணக்கு சார் மாதிரியே பேசிக் காட்டினான். சாரே சிரிச்சுட்டார், அவர் சிரிக்கலை. நான் ரொம்பக் கிட்டப் போய் நின்னேன். தலைப்பாகைக்குள்ள இருந்து ஒரு வேர்வைத் துளி இறங்கி, புருவத்துல நின்னு, அப்புறம் கன்னத்துல வழிஞ்சு மீசைக்குள்ள போச்சு. அவர் அசையலை. எனக்கு அழுகையே வந்துருச்சு, ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. எத்தனை அடி உயரம், எத்தனை கிலோமீட்டர் வேகம்னு அளந்து மார்க் போடுறீங்களே தம்பி, இதுக்கு எத்தனை மார்க்?

மறு வருஷம் கோடை லீவுல தாம்பரம் சித்தி வீட்டுக்குப் போனப்போ கிஷ்கிந்தா. அம்மா ஏலச்சீட்டு எடுத்த பணத்துல போனோம். ஆமா, டிக்கெட் எங்களுக்கு அதிகம்தான். அதனாலதான் ஒரே ஒரு தடவை. ஒரே தடவை போனதை இருபத்தஞ்சு வருஷமா பேசுறேனேன்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க.

எங்க அம்மா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டுக் குடும்பம், மாமியார், கூடத்துல எப்பவும் ஆம்பளைங்க. சிரிப்பு வந்தாக்கூட முந்தானையால வாயை மூடிக்குவாங்க. கிஷ்கிந்தாவுல செயற்கையா அலை எழுப்புற குளத்துல புடவையோட இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. பருத்தி தண்ணியைக் குடிச்சுக் கனக்கும், நூல் பிரிஞ்சு போய் ஃபில்டரை அடைக்கும், அதனாலதான் நைலான் கேக்குறாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். வாடகைக்கு எடுத்த நைலான் சட்டை, பேன்ட்ல அம்மா வெளிய வந்து நின்னதைப் பார்த்து நானும் என் கூடப் பிறந்த தம்பியும் யாரோன்னு நினைச்சோம்.

சைரன் அடிச்சாங்க. தூரத்துச் சுவர்ப் பக்கத்துல இருந்து தண்ணி எழும்பி வருது. கடல்ல இருந்து குழாய் போட்டிருக்காங்கன்னு நான் தம்பிக்கு அடிச்சு விட்டேன், அவன் நம்பினான். (இந்த மாதிரிக் குளங்கள்ல பெரும்பாலும் சுவருக்குப் பின்னாடி இருக்குற அறைகள்ல காத்தை அடிச்சு விட்டு விட்டுத் தண்ணியைத் தள்ளுவாங்க, அவ்வளவுதான்.) முதல் அலை இடுப்புக்கு வந்தது, ரெண்டாவது மார்புக்கு. அம்மா ஒரு கையால சித்தியைப் பிடிச்சிருந்தாங்க. இன்னொரு கையில தாலிக்கொடியை முஷ்டிக்குள்ள இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க, அலை அடிச்சுட்டுப் போயிரும்னு. அந்த நிலைமையில "ஐயோ முருகா!"ன்னு ஒரு கத்து கத்தினாங்க பாருங்க, அப்புறம் ஒரு சிரிப்பு. வாயை மூடலை, மூடக் கை இல்லை.

இதைத்தான் க்ரிஞ்ச்னு சொல்றீங்க.

"அவர் உங்க அம்மாவையா சொன்னார், பார்க்கைத்தானே சொன்னார்?" தெரியும். எனக்கும் புத்தி இருக்கு. ஆனா "இதுக்கு முன்னாடி எதுவுமே இல்லை"ன்னு ஒருத்தர் சொல்லும்போது அந்த எதுவுமேக்குள்ள யாரெல்லாம் நிக்கிறாங்கன்னு பார்க்கணும். நான் இதையேதான் கமெண்ட்ல சுருக்கமா, மரியாதையா, ஒரு ஸ்மைலி கூடப் போட்டு எழுதினேன். அதுக்குத்தான் "ஓகே ஆன்ட்டி". கீழ நானூறு லைக். ஆன்ட்டின்னு சொன்னதுல எனக்கு வருத்தமே இல்லை. முப்பத்தொன்பது வயசு ஆன்ட்டி வயசுதான், அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை. அந்த "ஓகே" இருக்கே, அதுதான்.

அந்த நானூத்துல ஒண்ணு எங்க அக்கா பையனோடது. அவன்தான் வீடியோவை எங்க குடும்ப குரூப்லயும் போட்டான், மூணு சிரிப்புப் பொம்மையோட.

உண்மையைச் சொல்லணும்னா, அவனையும் திட்ட எனக்கு வாய் இல்லை. கல்யாணமாகி 2009ல இருந்து சென்னையிலதான் இருக்கேன். தாம்பரம் வழியா எத்தனையோ தடவை ஊருக்குப் போய் வந்திருக்கேன். ஒரு தடவை கூட வண்டியை அந்தப் பக்கம் திருப்பினதில்லை. அம்மா வந்தா மால், இல்லைன்னா கோயில். பழைய பார்க்குக்காக இவ்வளவு பேசுற நானே திரும்ப ஒரு டிக்கெட் எடுத்ததில்லை.

நேத்து ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. குரூப்ல வீடியோ பார்த்திருக்காங்க. கோபமா இருப்பாங்கன்னு நினைச்சேன். "அந்த அலை இன்னும் வருதாமாடி?"ன்னு கேட்டாங்க.

போலாமாம்மா, முட்டிவலி தாங்குமா, தண்ணியில நிக்க முடியுமா, பிடிச்சுக்கணுமேன்னு நான் அடுக்கிட்டே போனேன். அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. அம்மா கொஞ்ச நேரம் பேசலை.

"பிடிச்சுக்கலாம்டி. இப்பதான் ரெண்டு கையும் சும்மா இருக்கே."