அந்தக்கா ஏன் கார்டைக் குடுக்கணும்?

எந்த வீடியோன்னு சொல்ல வேண்டியதில்ல, எல்லார் டைம்லைன்லயும் அதுதான் ஓடுது. குடியை விட்டு ஒரு வருஷம் ஆன அண்ணனுக்கு மேடையில சால்வை, மாலை, கைத்தட்டல். சந்தோஷம், நிஜமாவே சந்தோஷம். அப்புறம் தொகுப்பாளர் மைக்கை அவர் மனைவி பக்கம் நீட்டி, "இன்னும் ஏடிஎம் கார்டை நீங்கதான் வெச்சிருக்கீங்களாமே, அவரை நம்ப மாட்டீங்களா?"ன்னு கேக்கறார். "இப்போதைக்குக் குடுக்கறதா இல்லீங்க"ங்கறாங்க அந்தக்கா. அவ்வளவுதான், கமெண்ட்ல அத்தனை பேரும் நாட்டாமை ஆயிட்டாங்க. "திருந்தினவனைத் திரும்பக் குடிக்க வைக்கறதே இவளுகதான்"னு ஒருத்தர். அதுக்கு எத்தனை லைக்கு!

அவர் விட்டது குடியை. அவங்க எதை விடணும்கறீங்க?

குடிக்கற வீட்ல அப்பாவோட இடம் காலியா கிடக்காது. கரண்ட் பில்லுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் யாரோ ஒருத்தர் நின்னாகணும். அம்மா நிப்பாங்க. அம்மா வேலைக்குப் போயிட்டா மூத்த பொண்ணு நிக்கும்.

எங்க வீட்ல அந்த மூத்த பொண்ணு நான்தான். திருப்பூர்ல அம்மாவுக்கு பனியன் கம்பெனில செக்கிங் வேலை, சனிக்கிழமை சம்பளம். அப்பாவுக்கும் சனிக்கிழமைதான் சம்பளம், அது வீடு வந்து சேராது. என் ரேங்க் கார்டுலயும் தம்பி ரேங்க் கார்டுலயும் அப்பா கையெழுத்தை நான்தான் போடுவேன். டீச்சர் ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல, அசல் கையெழுத்தைப் பார்த்திருந்தாத்தானே! வீட்டு ஓனர்கிட்ட தவணை சொல்றது நான். தம்பிக்கு வேற டிபார்ட்மென்ட். வண்டிப் பெட்டி, பரண், தண்ணித்தொட்டிக்குப் பின்னாடின்னு குவாட்டர் தேடறது.

அப்பா ஒருவழியா சிகிச்சைக்குப் போனார். கை நடுக்கம், சுவத்துல பூச்சி ஊருதுன்னு ராத்திரியெல்லாம் கத்தினது, எல்லாத்தையும் தாண்டி வந்தார். அது சாதாரணம் இல்ல, நானும் சொல்லல. ஆனா வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே, தம்பியோட ரேங்க் கார்டை நான் வாங்கினப்போ கேட்டார் பாருங்க: "இந்த வீட்ல நான் என்ன செத்தா போயிட்டேன்?" வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மா கண்ணைக் காட்டினாங்க, முழுங்கிட்டேன்.

டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு குடிச்சா முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வாந்தியா எடுக்கும். எழுதிக் குடுத்துட்டு டாக்டர் அம்மாகிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "நீங்களே கையில குடுத்து, முழுங்கறாரான்னு நின்னு பாருங்கம்மா." காவலுக்கு நிறுத்தினது டாக்டர். சொந்தக்காரங்க வந்து, "ஏன் போலீஸ்காரி மாதிரி நிக்கறே"ங்கறாங்க.

"திருந்தினவனை ஊக்கப்படுத்த வேண்டாமா?"ம்பீங்க. ஊக்கப்படுத்துங்க, யார் வேண்டாம்னது? அந்தச் சால்வையில ஒண்ணை அந்தக்காவுக்கும் போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? "சந்தேகப்பட்டா மறுபடி குடிச்சிருவான்"ம்பீங்க. இதுக்குப் பேரு அக்கறையா, மிரட்டலா? முன்னாடி, குடிச்சா அடிப்பான்னு பயந்து வாயை மூடணும். இப்போ, குடிச்சிருவான்னு பயந்து வாயை மூடணும். ஆக எப்பவும் மூட வேண்டியது அவ வாயைத்தான்!

டீக்குக் கூட பொண்டாட்டிகிட்ட காசு கேட்டு நிக்கறது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். மளிகைக் கடையில பாக்கி சொல்லி நின்னவளுக்கு அது இனிச்சுதாக்கும்? டாஸ்மாக்கை மூடினா எல்லாம் சரியாயிடும்ங்கறவங்க கொஞ்சம் இருங்க. 2003ல இருந்து அரசாங்கமே கடை வெச்சு வித்துட்டிருக்கு, அதை இன்னொரு நாள் திட்டிக்கலாம்.

நம்ம ஊர் பொம்பளைங்களுக்குத்தான் இந்தத் திமிருன்னு நினைச்சா, லோயிஸ் வில்சனைத் தெரிஞ்சுக்கங்க. குடிநோயாளிகளுக்கான ஏ.ஏ. இயக்கம் 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்சப்போ, அதைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தரோட மனைவி. புருஷன் குடிச்ச காலத்துல வேலைக்குப் போய்க் காப்பாத்தினவங்க. அவர் நிறுத்தின பிறகு ஒருநாள், "கூட்டத்துக்கு நேரமாச்சு, சீக்கிரம் கிளம்பு"ன்னதும் ஷூவைத் தூக்கி எறிஞ்சாங்க. அந்தக் கோபம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சவங்கதான், 1951ல குடும்பத்தாருக்குன்னே அல்-அனான் ஆரம்பிச்சாங்க. சென்னையில 1980ல டிடிகே மருத்துவமனைக்கு வித்திட்ட சாந்தி ரங்கநாதனும் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவங்கதான். அங்கயும் குடும்பத்தையும் சேர்த்து உட்கார வெச்சுத்தான் சிகிச்சை. விவரம் தெரிஞ்சவங்க குடும்பத்துக்கும் சிகிச்சை வேணும்ங்கறாங்க, நம்மாளுங்க கார்டைப் பிடுங்குன்னு பஞ்சாயத்து பண்றாங்க.

என் தம்பிக்கு இப்போ பொண்ணு பார்த்துட்டிருக்கோம். அப்பா மத்தியானம் கண்ணசந்தா, இன்னைக்கும் போர்வையைச் சரி பண்ற சாக்குல குனிஞ்சு அவர் வாயை மோந்து பார்த்துட்டு வர்றான். "ஏன்டா?"ன்னா, "சும்மாக்கா"ங்கறான். இவனுக்கு யார் என்ன சால்வை போட்டு இதை நிறுத்துவீங்க?

புது வீட்டுக்குப் பால் காய்ச்சினப்போ பெரியம்மா சொன்னதையும் சொல்லிடறேன். "அவர் மட்டும் திருந்தலேன்னா இந்த வீடு உண்டா?" வந்திருந்த அத்தனை பேரும் ஆமாம் போட்டாங்க. புது வேட்டியில அப்பா சிரிச்சுக்கிட்டு நின்னார். வீட்டுக் கடன் யார் சம்பளத்துல போகுதுன்னு பெரியம்மாவுக்கு நல்லாவே தெரியும். அம்மா பின்னாடி டம்ளர் கழுவிட்டிருந்தாங்க.

பெரியம்மா, இதைப் படிச்சுட்டு அம்மாவுக்கு போன் போட்டு "பொண்ணை இப்படியா வளர்த்திருக்கே"ன்னு கேப்பீங்க, தெரியும். கேளுங்க. ராத்திரி எட்டரைக்கு மேல போடுங்க, அதுக்கு முன்னாடி கம்பெனியில போன் எடுக்க விடமாட்டாங்க.