ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது பிழையல்ல

பஞ்சாங்கத்தைக் கேலி செய்து ஒருவர் மேடையில் பேசும் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மூன்று முறை பார்த்துவிட்டேன். "ஆடி அமாவாசை எதுன்னே தெரியாதவங்க கையில பஞ்சாங்கம்" என்று அவர் சொன்னதும் அரங்கமே சிரிக்கிறது. அந்தச் சிரிப்புதான் வலிக்கிறது.

2023-ல் ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது வெறும் கணக்கு. அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.53 நாள். அந்த ஆடி அதைவிட நீளம். ஜூலை 17, ஆடி 1, அன்றே அமாவாசை. அடுத்தது ஆகஸ்ட் 16, ஆடி 31. இடையில் சூரியன் ராசி மாறவில்லை. சூரியன் ராசி மாறாத சந்திர மாதம் அதிக மாதம், அதாவது கணக்கைச் சரிக்கட்டக் கூட்டும் மாதம். பல கோயில்கள் இரண்டாவதையே ஆடி அமாவாசையாகக் கொண்டாடின. விதி தெளிவாக இருக்கிறது. படிக்காமல் சிரித்தால் எப்படி?

பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரியனுக்கு 11 நாள் பின்னால் நிற்கும். 19 ஆண்டில் 7 மாதம் கூட்டினால் மொத்தம் 235 மாதம். சூரியனோடு வித்தியாசம் ஏறக்குறைய 2 மணி நேரம். ஆங்கிலக் காலண்டரில் 1582-ல் அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 என்று எழுதினார்களே, அதைத் திருத்தம் என்கிறீர்கள். சரி, திருத்தம்தான். எங்களுடையதும் திருத்தம்தான்.

"காலம் நேர்கோடு, சுற்றிச் சுற்றி எண்ணுவது அறியாமை" என்கிறார். சம்பளம் ஆங்கிலத் தேதிக்கு, பொங்கல் சூரியனுக்கு, பிறந்தநாள் நட்சத்திரத்துக்கு, திவசம் திதிக்கு. ஒரே வீட்டில் நான்கு கணக்கு, நான்குக்கும் வேறு வேறு வேலை. ஹிஜ்ரி கணக்கில் மாதம் கூட்டுவதே இல்லை. அதனால் ரமலான் சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. அதுவும் பிழையா?

சோதிடத்துக்கு வக்காலத்தா என்று கேட்பீர்கள். இல்லை. ராகு காலம் பற்றி ஒரு வரியும் நான் எழுதவில்லை. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளும் முரண்படுகின்றனவே என்றால், ஆமாம், திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம்கூட வேறுபடும். அது நியாயமான கேள்வி. வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம்.

ஆனால் "செத்த நாள்கூட வருஷா வருஷம் மாறுது" என்றாரே, அதை விட முடியாது. திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடும் நேரம். நிலவின் வேகம் மாறுவதால் ஒரு திதி 20 மணியிலும் முடியும், 26 மணியைத் தாண்டியும் நீளும். கிழிக்கும் காலண்டரில் காலைத் திதியை மட்டும் பார்த்து நாள் குறிப்பதால்தான் தவறு வருகிறது. திவசத்துக்குப் பகலை ஐந்தாகப் பிரித்து நான்காம் பங்கில், 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6-க்கு மறைந்தால் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை, எந்தத் திதி என்று பாருங்கள். டொரோண்டோவில் இருப்பவர்கள் சென்னைக் காலண்டரை அப்படியே எடுக்காதீர்கள். சென்னையில் செவ்வாய் காலை 10-க்கு முடியும் திதி, குளிர்காலத்தில் அங்கே திங்கள் இரவு 11.30-க்கே முடிந்துவிடும்.

ஆவணித் தேய்பிறை அஷ்டமியில் போன அம்மாவுக்கு அடுத்த ஆவணியிலும் அதே அஷ்டமி. அவள் போன இரவில் நள்ளிரவு வாக்கில் எழுந்த அதே அரைநிலா அன்றும் எழும். ஆகஸ்ட் 26 என்று எழுதி வைத்தால் அந்த நிலா வராது.