புழுதி விதைப்பில் களையெடுப்பு, விதைக்கும் முன்பே தொடங்க வேண்டும்

வயலில் தண்ணீரைக் கட்டி வைத்தால் களை தானாக அடங்கிவிடும் என்று இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம், அதைச் சொல்பவர் ஒரு புரட்டாசி மாதத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானைப் பக்கம் வந்து நின்று பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றும். நாற்றுவிட்டு நடுகிற ஆற்றுப்பாசன ஊர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தும். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட எங்கள் கடற்கரை ஊர்களிலோ காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். கண்மாயில் தண்ணீர் சேர்ந்து மடை திறப்பதற்குள் பயிருக்கு ஒரு மாதம் கடந்துவிடும். அந்த ஒரு மாதமும் நெல்லும் களையும் ஒரே மழையைக் குடித்து, ஒன்றாகவே வளர்கின்றன.

அந்தப் பருவத்தில் கைக்களை எடுப்பது எத்தனை கடினம் என்பது குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நெற்சக்களத்தி என்ற களைப்புல் இளம் பருவத்தில் அப்படியே நெல் போல இருக்கும். சக்களத்தி என்று பெயர் வைத்தவர் நன்றாகத்தான் வைத்திருக்கிறார். இலை தண்டைத் தழுவும் இடத்தை விரலால் விலக்கிப் பார்த்தால், நெல்லுக்கு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வும் பக்கத்தில் மயிர் முளைத்த சிறு காதுகளும் இருக்கும். சக்களத்திக்கு இரண்டுமே கிடையாது. எங்கள் ஊரில் களையெடுக்கும் அக்காமார் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, கை பட்டவுடனே சொல்லிவிடுவார்கள். அந்தக் கைகள் இப்போது கிடைப்பதில்லை என்பதுதான் களைக்கொல்லிக்கு வழி திறந்தது.

நானும் தெளித்தவன்தான். களை முளைக்கும் முன் தெளிக்கிற மருந்து வேலை செய்ய மண்ணில் ஈரம் வேண்டும். நான் தெளித்த ஆண்டில் மழை இரண்டு வாரம் தள்ளிப்போனது. மருந்துக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் புழுதியோடு போனது, பிறகு பெய்த மழையில் கோரையும் சக்களத்தியும் குறைவில்லாமல் எழுந்து வந்தன. மானாவாரிக்காரனுக்கு இந்த மருந்து ஒரு சூதாட்டம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆகவே, புழுதி விதைப்பில் களையெடுப்பின் பெரும்பகுதி விதைப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. சித்திரை, வைகாசியில் உழுது போட்டால் கோரைக்கிழங்கு மேலே வந்து வெயிலில் சுருங்கிச் சாகும். ஆவணியில் ஒரு மழை கிடைத்தவுடன் விதைக்க ஓடாமல், களை முளைத்து இரண்டு மூன்று இலை விடும்வரை பொறுத்து, டிராக்டரில் மாட்டும் ஒன்பது கொத்துக் கலப்பையை மேலோட்டமாக ஓட்ட வேண்டும். ஆழமாக ஓட்டினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து, செய்த வேலையே வீணாகும். முதல் மழையை இப்படிக் களைக்குக் கொடுப்பது நெஞ்சைப் பிசையும் காரியம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மழை எப்போது என்று யார் கண்டது? அதனால் நான் மொத்த நிலத்திலும் இதைச் செய்வதில்லை, களை அதிகமான மேட்டு வயலில் மட்டும் செய்கிறேன்.

அடுத்தது வரிசை விதைப்பு. கையால் வீசி விதைத்த வயலில், வரிசைக்கு நடுவே தள்ளிக் களையை மண்ணில் அமுக்கும் கைக்கருவியான கோனோ வீடரைத் தள்ள இடமே இருக்காது. டிராக்டர் விதைப்புக் கருவியால் இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்து, நடுவே தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியைப் போட்டால், அது முந்தி வளர்ந்து களைக்கு வெயில் விடாமல் மறைக்கும்; கண்மாய்த் தண்ணீர் வந்ததும் ஏறத்தாழ முப்பத்தைந்தாம் நாளில் கோனோ வீடரால் மிதித்துவிட்டால் உரமும் ஆகும். தண்ணீர் வரத் தாமதமானால் தக்கைப்பூண்டு நெல்லையே அமுக்கிவிடும் என்பதால், அறுத்துப் போட ஆளையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

உரத்துக்காக ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்துக் கிடை போடுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டுப் புழுக்கை நல்ல உரம்தான்; ஆனால் ஆடு தின்ற சீமைக்கருவேல நெற்றின் விதை செரிக்காமல் புழுக்கையோடு வயலுக்கு வந்துவிடுகிறது. கிடைக்குப் பிந்தைய உழவில் அந்தக் கன்றுகளை வேரோடு பிடுங்காமல் விட்டால், அடுத்த ஆண்டு அரிவாளுக்கு வேலை வந்துவிடும்.

சில நாட்களுக்கு முன் இரவில் எங்கள் பக்கம் மழை பெய்தது. மேட்டு வயலில் இன்று காலை ஊசி ஊசியாகப் பச்சை தெரிகிறது. ஒன்பது கொத்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வயல்காரர் அண்ணன் இன்றைக்கே விதைக்கிறார்.