கதிரையை உதைத்தால் கெட்டிக்காரனா?

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாகனத் தரிப்பிடம் பற்றி நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில், அயலவர் ஒருவர் கதிரையை உதைத்துக் கத்தினார். அந்தக் கூட்டத்தைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் “விசர் பிடித்தவர்போல நடித்தே தரிப்பிடத்தை வாங்கிவிட்டார், கெட்டிக்காரன்” என்று நீங்கள் சிரித்துச் சிரித்து எழுதியதைப் படித்தபின் முடியவில்லை.

நடித்தார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கதிரையை உதைத்து, வாயிற்கதவைப் பூட்டிவிடுவேன் என்று கத்தியவர், தேநீர் வந்ததும் சீனி போதாது என்று நிதானமாகச் சொன்னார்.

“பேரம் பேசுகையில் பகுத்தறிவு எப்போதும் இலாபமில்லை என்று தோமஸ் ஷெல்லிங்கே எழுதியிருக்கிறார்” என்று ஒரு நண்பர் பாடம் நடத்துகிறார். ஷெல்லிங் 2005 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர், மறுக்கவில்லை. அவர் கவலைப்பட்டது அணுகுண்டு வைத்திருந்த வல்லரசுகளைப் பற்றி. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் அடித்தளத்தைப் பற்றியல்ல.

வல்லரசுக்காவது பலித்ததா? வியட்நாம் போரில் வட வியட்நாமைத் தன் வழிக்குக் கொண்டுவர, ‘இந்த மனிதர் எதற்கும் துணிவார்’ என்று அதற்குத் துணைநின்ற மொஸ்கோ நடுங்கட்டும் என நினைத்தார் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன். 1969 ஒக்டோபரில் அணுகுண்டு சுமந்த பி-52 விமானங்களை வடதுருவப் பக்கம் பறக்கவிட்டார். மொஸ்கோ அசையவில்லை. அமெரிக்கா அந்தப் போரிலிருந்து விலக வழிசெய்த பாரிஸ் உடன்படிக்கைக்கு 1973 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதுதான் உங்கள் சாணக்கியம்.

எங்கள் கூட்டத்தில் நடிப்புப் பலித்தது நடித்தவரின் திறமையால் அல்ல. மற்றவர்களுக்கு நாளைக்கும் அந்தக் கட்டடத்தில் வாழ வேண்டும், பிள்ளைகள் நித்திரை கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பைத்தான் அவர் பணயம் வைத்தார். திரும்பவும் சொல்கிறேன்: வென்றது அவர் மூளை அல்ல, எங்கள் பொறுப்பு.

எங்கள் மாமாவும் இப்படித்தான். காணிப் பங்கீட்டுப் பேச்சு எழுந்தாலே கிணற்றில் குதிப்பேன் என்பார். கிணற்றடிப் பக்கம் போனதேயில்லை. அம்மாதான் ஒவ்வொரு முறையும் பதறி, தன் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். கடைசியில் அம்மாவுக்கு மிஞ்சியது ‘பொறுமைசாலி’ என்ற பட்டம். அதை எந்த வங்கியில் அடகு வைப்பது?

“பலமில்லாதவனுக்கு வேறு ஆயுதம் ஏது?” என்கிறார் இன்னொருவர். இரண்டு கார் வைத்திருப்பவரா பலமில்லாதவர்? போதும்.

அதே கதிரையை நான் உதைத்திருந்தால் இவர்களில் ஒருவராவது ‘கெட்டிக்காரி’ என்றிருப்பாரா? தனியாக இருக்கிறவர், பாவம், மனநிலை சரியில்லை என்று என் தம்பிக்குத் தொலைபேசி போயிருக்கும். நான் மெதுவாகப் பேசியதற்கே “விடுங்கள் அக்கா, அவர் அப்படித்தான்” என்று என்னைத்தான் அடக்கினார்கள்.

“அங்கேயே கேட்டிருக்கலாமே” என்பவர்களுக்கு: கேட்டேன். கூட்டக் குறிப்பில் என் கேள்வி இல்லை. அவர் கத்தியது மட்டும் ‘உறுப்பினர் ஒருவரின் ஆழ்ந்த கரிசனை’ என்று பதிவாகியிருக்கிறது.