மடியில் கனம் இருப்பது குற்றமில்லை

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?" இணையக் கண்காணிப்பு பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இந்தப் பழமொழியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுகிறார். விவரம் தெரிந்தவர்கள், நல்லவர்கள், என்மேல் அக்கறை உள்ளவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். மனதார நம்பியும் சொல்கிறார்கள். அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழமொழியில் வருகிறவன் யார்? வழிப்போக்கன். மடியில் இருப்பது அவன் பாடுபட்டுச் சேர்த்த காசு. அவன் பயப்படுவது வழிப்பறிக்காரனுக்கு. பாவம், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. இதைத் திருப்பிப்போட்டு, கனம் வைத்திருப்பவனே திருடன் என்று எப்போது படிக்க ஆரம்பித்தோம்?

கனம் இல்லாத மடி ஒன்றும் கிடையாது. இதை எனக்கு உறைக்க வைத்தது என் தொழில்தான்.

நான் சர்வர், நெட்வொர்க் பராமரிப்பில் இருப்பவன். பல வருடங்களுக்கு முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் இன்டர்நெட் ஆமை வேகத்தில் நகர்ந்தது. காரணம் தேடி டிஎன்எஸ் லாக்கைத் திறந்தேன். நீங்கள் ஒரு தளத்தைத் திறந்ததும், அதன் முகவரி என்ன என்று உங்கள் கணினி ஒரு சர்வரிடம் கேட்கும். அந்தக் கேள்விகளின் வரிசைதான் அந்த லாக். எந்தக் கணினி, எந்தத் தளம், எத்தனை மணி என்று மட்டும் இருக்கும். அங்கே என்ன படித்தார்கள், என்ன எழுதினார்கள் என்பது இருக்காது.

உருட்டிக்கொண்டே போகையில் ஒரே கணினியின் எண் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. காலை 10.15க்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தளம். இரண்டே நிமிடத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. பிறகு இன்னொரு புற்றுநோய் மருத்துவமனை. மதியம் மருத்துவக் காப்பீடு. மூன்று மணிக்கு மறுபடி அதே பரிசோதனைக் கூடம், நாலைந்து தடவை. சாயங்காலம் ஒரு விடுதிப் பள்ளியின் தளம். அந்த எண் யாருடையது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர். காலையில் என்னோடு சிரித்துப் பேசிவிட்டுப் போனவர். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பையன் இருந்தான்.

ஒரு கடிதத்தைப் பிரிக்கவில்லை, ஒரு பேச்சை ஒட்டுக்கேட்கவில்லை. அவர் மனைவிக்குக்கூட அப்போது தெரிந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரிந்துவிட்டது. திரையை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பல நாள் அவர் முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகவே, "உள்ளடக்கத்தைத் தொடவே மாட்டோம், யார் யாரோடு எப்போது தொடர்பு கொண்டார்கள் என்ற விவரம் மட்டும்தான்" என்று ஒரு அரசு சொல்லும்போது எனக்கு ஆறுதல் வருவதில்லை. நான் பார்த்ததும் அந்த விவரம் மட்டும்தான். அமெரிக்காவின் உளவு அமைப்புகளான என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு பொதுமேடையிலேயே, மெட்டாடேட்டாவை, அதாவது இந்த மாதிரி விவரத்தை, வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், நான் அன்று பார்த்த மாதிரியான பட்டியலை 12 மாதம் வரை சேர்த்து வைக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட வழி செய்தது. சட்டம் வந்தபோது அதைப் பார்க்க அனுமதி பெற்ற அமைப்புகளில் உணவுத் தரத்தைக் கவனிக்கும் முகமையும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த தரவுச் சேமிப்பு ஆணையை அதன் நீதிமன்றமே 2014 ஏப்ரலில் ரத்து செய்தது. எந்தச் சந்தேகமும் இல்லாத கோடிக்கணக்கான பேரின் விவரங்களை மொத்தமாகச் சேர்த்து வைப்பது அடிப்படை உரிமையில் அத்துமீறுவது என்பதுதான் காரணம்.

இங்கே என் தொழிலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். லாக் இல்லாமல் எங்களால் வேலை செய்ய முடியாது. உள்ளே புகுந்தவன் மாதக்கணக்கில் பதுங்கியிருப்பான். எந்த வழியாக வந்தான், எதைத் தொட்டான் என்று கண்டுபிடிக்கப் பழைய பதிவுகள் வேண்டும். இதை மறுத்துப் பேசுபவன் ஒரு தடவையாவது தாக்கப்பட்ட சர்வர் முன்னால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனால் சர்வருக்குள் யார் நுழைந்தார் என்பது ஒரு பதிவு, ஒரு மனிதர் எதைத் தேடிப் படித்தார் என்பது முற்றிலும் வேறு பதிவு. முதலாவது எனக்கு வேண்டும், ஒரு வருடத்துக்குக்கூட. இரண்டாவது பெரும்பாலும் சில நாளைக்குப் போதும். சட்டம் எழுதுகிறவர்கள் இரண்டையும் "லாக்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்கையும் 180 நாள் வைத்திருக்கச் சொன்னது. இணையத்தில் நாம் எங்கே போகிறோம் என்பதை மறைக்க உதவும் விபிஎன் சேவையைத் தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அப்படிச் சேர்த்து வைக்க விரும்பாத சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களையே நாட்டைவிட்டு எடுத்துக்கொண்டு போயின.

சேர்த்து வைத்ததை யார் காப்பது? 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 2.15 கோடிப் பேரின் பின்னணி விவரங்கள் களவுபோனது தெரியவந்தது. கடன், மனநலச் சிகிச்சை, வெளிநாட்டுத் தொடர்பு என்று ரகசியப் பணிக்கு விண்ணப்பித்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்த படிவங்கள் அவை. கூடவே 56 லட்சம் பேரின் கைரேகை. கடவுச்சொல் போனால் மாற்றலாம். விரலை எப்படி மாற்றுவது?

அடுத்தது பின்வாசல், அதாவது காவல்துறையும் உளவுத்துறையும் நுழைவதற்காகவே பூட்டில் விட்டுவைக்கும் வழி. "நல்லவர்களுக்கு மட்டும் ஒரு சாவி கொடுங்கள்" என்ற கோரிக்கை 1990களிலிருந்து வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. இதைப் பற்றி வாதாட எனக்கு அவசியமே இல்லை, நடந்ததைச் சொன்னால் போதும்.

கிரீஸ் நாட்டில் 2004-05இல் பிரதமர் கோஸ்தாஸ் கரமன்லிஸ், அமைச்சர்கள், உயர் அதிகாரிகள் உட்பட 100க்கும் மேற்பட்டவர்களின் கைப்பேசிகளை மாதக்கணக்கில் யாரோ ஒட்டுக்கேட்டார்கள். எப்படி? தொலைபேசி இணைப்பகத்தின் மென்பொருளிலேயே, சட்டப்படி காவல்துறை ஒட்டுக்கேட்பதற்கான வசதி வைத்துக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கைப்பேசி நிறுவனம் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கக்கூட இல்லை. ஊடுருவியவர்கள் சத்தமில்லாமல் அதை இயக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் ஒட்டுக்கேட்க வசதி வைத்தே தீர வேண்டும் என்று 1994இல் சட்டம் போட்டார்கள். முப்பது வருடம் கழித்து, 2024இல், சீன அரசுடன் தொடர்புடையவர்கள் என்று அமெரிக்கா சொல்லும் 'சால்ட் டைஃபூன்' குழு அந்த நிறுவனங்களின் வலைப்பின்னலுக்குள் இருந்தது வெளியே வந்தது. நீதிமன்ற ஆணைப்படி கண்காணிக்கப்பட்டவர்கள் தொடர்பான தகவல்களையும் அவர்கள் நகலெடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை, குறிவைக்கப்படக்கூடிய உயர் பதவியில் உள்ளவர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை என்ன தெரியுமா? முனைக்கு முனை என்கிரிப்ஷன் உள்ள, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும், செயலிகளை மட்டும் பயன்படுத்துங்கள் என்பது. எந்தப் பூட்டைப் பலவீனமாக்கச் சொல்லி அதே அரசின் காவல் அமைப்புகள் வருடக்கணக்காக வற்புறுத்தினவோ, அதே பூட்டு.

மென்பொருளில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் இதே கதைதான். என்எஸ்ஏ தன் உபயோகத்துக்காக மறைத்து வைத்திருந்த ஒரு விண்டோஸ் ஓட்டை கசிந்து, 2017 மே மாதம், கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'வான்னாக்ரை' தாக்குதலாகக் கிளம்பியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின, ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. பாதுகாப்புக்காகச் செய்த வேலை அது.

சைபர் பாதுகாப்புச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நிறையச் சட்டம் வேண்டும். தகவல் களவுபோனால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2003இல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம், அதுவரை மூடி மறைத்த நிறுவனங்களின் வாயைத் திறக்க வைத்தது. இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களை எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலிலிருந்து பிரிட்டன் தடை போட்டிருக்கிறது. முன்னே குறை சொன்ன அதே பிரிட்டன்தான், நல்லதையும் சொல்லத்தானே வேண்டும். இவையெல்லாம் ஓட்டையை அடைக்கும் சட்டங்கள். எந்த மசோதா வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இது ஓட்டையை அடைக்கிறதா, புதிதாக ஒன்றைப் போடுகிறதா? சேர்த்து வைக்கும் தகவல் குவியலைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? தலைப்பில் "பாதுகாப்பு" என்று எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும் பதில் உள்ளே இருக்கும் பிரிவுகளில்தான் கிடைக்கும். வரைவு வெளியாகி மக்கள் கருத்துக் கேட்கும்போது தயவுசெய்து படியுங்கள், இரண்டு வரியாவது எழுதி அனுப்புங்கள். எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

அந்த லாக்கை மறுநாளே ஏழு நாளில் தானாக அழியும்படி மாற்றினேன். அப்போது அதை வைத்திருக்கச் சொல்லி எந்த விதியும் எங்களுக்கு இல்லை. மேலாளர் ஏன் என்று கேட்டார். நமக்குத் தேவைப்படாததை வைத்திருந்தால் அதைக் காவல் காக்கிற வேலையும் நமக்குத்தானே என்றேன். சரி என்றுவிட்டார்.

நாலைந்து மாதம் கழித்து அவர், அந்த இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர், தேநீர் இடைவேளையில் எங்களை அழைத்து உட்காரவைத்துச் சொன்னார். முதல் கட்டச் சிகிச்சை முடிந்திருந்தது. பையனுக்கு எப்படிச் சொன்னார், எந்த வார்த்தையைத் தவிர்த்தார் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும் என்று அவரே யோசித்து வைத்திருந்தார். நான் முதல்முறையாகக் கேட்கிறவன் மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன்.