நிரம்பியே திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

போன வருடம் ஆடி மாதம் என் மகனுக்கு நீர்க்கடுப்பு. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். சரியாகிப் பத்தே நாளில் மறுபடி வந்தது. டாக்டர்தான் "பையன் ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறானா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் அதைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் நிற்பார்கள். வெளியே இருந்து கதவைப் பிடித்துக்கொண்டு "உன் பேரைச் சொல்லு, திறக்கிறோம்" என்பார்கள். அவனுக்குக் கொஞ்சம் திக்கும். பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். ஏழாம் வகுப்புப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வழி, தண்ணீரையே விட்டுவிடுவது.

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகிற ரோட்டில் இருக்கும் அரசுப் பள்ளி அது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர் (அந்த வெட்கத்தையும் சேர்த்தேதான் எழுதுகிறேன்). தலைமையாசிரியர் நல்ல மனிதர். என் மகனையும் சேர்த்து அஞ்சு பேரையும் வரிசையாக நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கைகொடுக்க வைத்து அனுப்பினார். மறுநாளே என் மகனுக்குப் புதுப் பட்டப்பெயர்: 'போட்டுக்கொடுத்தான்'. கழிப்பறையை விட்டுவிட்டு டவுன் பஸ் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள்.

நம்மிடம் இருக்கும் ஏற்பாடுகள் எல்லாமே பிள்ளை வாயைத் திறந்த பிறகுதான் அசைகின்றன. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கண்டுகொள்ளாத நிறுவனத் தலைவரும் உடந்தை. நல்ல சட்டம்தான். ஆனால் புகாரில்தான் அது தொடங்குகிறது. அப்புறம், ஒன்பதாம் வகுப்புப் பையனை உள்ளே தள்ளச் சொல்லி நானே கேட்க மாட்டேன். அவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை.

சொல்வதே ஆபத்தாக முடியும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்கு வராமல் இருந்த பட்டியலினப் பையன், ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. என் மகன் விஷயத்தில் சாதி இல்லை, திக்குவாய்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும், சொன்னது யார் என்பது எட்ட வேண்டாதவர்கள் காதுக்கு எட்டிவிட்டது.

அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. பிள்ளைகள் கைக்கயிறு கட்டக் கூடாது, நெற்றிப் பொட்டு வைக்கக் கூடாது என்று அதில் இருந்ததையே டிவி விவாதங்கள் பிடித்துக்கொண்டன. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள பள்ளிகளில் 'பள்ளி நல அலுவலர்' என்று ஒருவரைப் போட்டு, ராகிங், போதை, சாதித் தகராறுகளைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். பாடம் நடத்தாமல், கவனிப்பதையே வேலையாக வைத்திருக்கிற ஓர் ஆள்! எங்கள் பள்ளி மாதிரிச் சின்னப் பள்ளிகளுக்கும் நாலைந்துக்கு ஒருவர் என்றாவது வேண்டும்.

பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தலைமையாசிரியர் அறை வாசலில், அத்தனை கண்ணும் படுகிற இடத்தில். நான் பார்த்தபோது ஃபேன் ஓடவில்லை, பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார் என்று இரண்டு சீட்டுதான் கிடந்தன. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டும் சுவரில் உண்டு. பள்ளிக்கு போன் கொண்டுபோகக் கூடாத பிள்ளை எங்கிருந்து கூப்பிடுவான்?

நார்வேயில் 1982-இல் மூன்று சிறுவர்கள், சக மாணவர்களின் தொல்லையால் என்று கருதப்பட்ட விதத்தில், தற்கொலை செய்துகொண்ட பிறகு, மறு ஆண்டே அரசு அந்தத் தொல்லைக்கு எதிராக நாடு முழுக்க ஓர் இயக்கம் தொடங்கியது. டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் வகுத்த முறையில் முதல் வேலை, பிள்ளைகளிடம் பெயர் போடாத கேள்வித்தாள் கொடுப்பது. எல்லாரும் எழுதுவதால் போட்டுக்கொடுத்தவன் என்று யாரையும் காட்ட முடியாது. இன்னொன்று, இடைவேளையில் பெரியவர்கள் வெளியே நிற்பது. இதற்குக் கோடிகள் வேண்டாம். பருவத்துக்கு ஒரு தாள், இடைவேளைக்கு ஒரு ஆள், ஓர் அரசாணை.

போன மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "பாடம் எடுக்கவே ஆள் இல்லம்மா" என்றார் தலைமையாசிரியர். அதுவும் உண்மைதான். கடைசியில், கழிப்பறைப் பக்கம் ஆசிரியர்கள் முறைபோட்டு நிற்பது என்று தீர்மானமாயிற்று. கையெழுத்துப் போட நோட்டை வாங்கிப் பார்த்தால், 'கழிப்பறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது' என்று எழுதியிருக்கிறது. அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.