வார்டில் பார்த்ததை யார் கேட்கிறார்கள்?

ஹவுஸ் சர்ஜன் வருஷம் முடியப்போகிறது. வீட்டுக்குப் போன் போட்டாலும் சரி, நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் சரி, "அடுத்து பிஜிதானே?" என்கிறார்கள். பிஜிதான், எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் முதுநிலைப் படிப்பு. நீட் பிஜி என்றால் 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் 1 கழியும். ஜிப்மரில் படிக்க ஆசைப்பட்டால் ஐஎன்ஐ-செட் என்ற தனி நுழைவுத் தேர்வு. அதுவும் விடையை டிக் அடிக்கிற பரீட்சைதான். இந்த ஒரு வருஷம் வார்டில் என்ன செய்தாய் என்று கேட்க இரண்டிலும் ஆள் கிடையாது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் என்னோடு தங்கியிருக்கும் சீனியர் அக்கா அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது அந்த ஊர் பிஜிக்கு, விண்ணப்பித்திருக்கிறார். அங்கே பரீட்சைகளைத் தாண்டினால் இன்டர்வியூ. பிறகு இவர் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், அவர்களும் இவரை வரிசைப்படுத்துவார்கள். இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து மார்ச் மாதம் மூன்றாம் வெள்ளியன்று முடிவு சொல்லும். 2020லிருந்து இன்டர்வியூ பெரும்பாலும் வீடியோவில்தான். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு ஏழரை. அக்டோபர் முதல் ஜனவரி வரை அவர்களுக்கு இன்டர்வியூ சீசன், நமக்குப் புயல் சீசன். 2024ல் ஃபெஞ்சல் கரையைக் கடந்தது நவம்பர் 30. அதனால் அக்காவின் தயாரிப்பில் பாதி மருத்துவம், மீதி இன்வெர்ட்டர்.

பயிற்சிக்குக் கேள்வி கேட்கிற ஆள் நான். "உங்களால் மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். அக்கா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். "அக்கா, இது கேஸ் ஷீட்டு மாதிரி இருக்கு" என்றதும், "சரி, நீ சொல்லு பார்ப்போம்" என்று திருப்பிவிட்டார்.

நான் ஒரு பாம்புக்கடி கேஸைச் சொன்னேன். பண்ருட்டிப் பக்கம், வயலில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர். கேஷுவால்டியில் சுத்தமான கண்ணாடி டியூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிஷம் வைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய டியூப் ஆகாது, பிளாஸ்டிக்கும் ஆகாது. பிறகு சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள், விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டியதுதான். பிஜி அண்ணன் என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அந்த மனிதரின் மனைவி, "ஏம்மா சும்மா நிக்கிற, ஊசியப் போடும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்காகக் காத்திருக்கிறோம், அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவந்துவிடும் என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. எந்த டியூப் என்று பரீட்சையில் கேட்டால் பத்து நொடியில் டிக் அடித்துவிடுவேன். அந்த அம்மாவிடம் பேசியதற்கு மார்க் போட எந்தப் பரீட்சையும் கிடையாது.

அப்படியானால் இங்கேயும் பிஜி சீட்டுக்கு இன்டர்வியூ வைக்கலாமா? வேண்டவே வேண்டாம். எந்த ரேங்க்கில் எங்களைப் போடுவாய் என்று விண்ணப்பதாரரிடம் கேட்கக்கூடாது, குடும்பம், மதம் பற்றிப் பேசக்கூடாது என்றெல்லாம் அமெரிக்காவில் விதி இருக்கிறது. இங்கே முதல் கேள்வியே "அப்பா என்ன பண்றார்?" என்றுதான் இருக்கும். இரண்டாவது, யார் சொல்லி வந்தாய் என்பது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த 200 கேள்விதான் காவல். அமெரிக்க முறையும் அப்படியொன்றும் புனிதமானது இல்லை. 2022 ஜனவரியிலிருந்து அவர்களுடைய முதல் பரீட்சையான ஸ்டெப் 1ல் மார்க் கிடையாது, பாஸா ஃபெயிலா என்பது மட்டும்தான். அதனால் அங்கே போய்க் கைக்காசு போட்டு ஆஸ்பத்திரிகளில் ரொட்டேஷன் என்ற பயிற்சி செய்து பரிந்துரைக் கடிதம் வாங்கி வருகிறவர்களுக்குத்தான் வசதி என்கிறார் அக்கா.

சீட்டு ரேங்க்கிலேயே போகட்டும். ஆனால் டூட்டி ரூமில் ஒரு கையில் நரம்பில் ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசி, மறு கையில் போனில் டிக் அடிக்கிற கேள்விகள் என்று ஓடுகிறதே, அதற்கு என்ன செய்வது? ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் கம்யூனிட்டி மெடிசின் என்கிற சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பலருக்கு அது ஸ்டடி லீவு. யாரையும் குறை சொல்லமாட்டேன், ரேங்க் தராத வேலையில் யார் ஊன்றி நிற்பார்கள்? நீட் பிஜிக்குப் பதிலாக வரும், செய்முறையும் இருக்கும் என்று சொல்லப்பட்ட நெக்ஸ்ட் தேர்வு 2023ல் தள்ளிப்போனது. அதிலும் செய்முறைப் பகுதி வெறும் பாஸ்-ஃபெயில்தான், ரேங்க்குக்கு அது கணக்கில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு போஸ்டிங் முடிவிலும் யூனிட் சீஃப் அரை மணி நேரம் உட்கார வைத்து, "நீ பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லு" என்று கேட்க வேண்டும். பரிசோதனை என்ன, முடிவு ஏன், வீட்டாரிடம் என்ன சொன்னாய் என்று குடைய வேண்டும். திருப்தி இல்லை என்றால் இன்னும் ஒரு வாரம் அதே வார்டில் போடட்டும். நேரம் இல்லை என்பார்கள். வார்டில் செய்த வேலையைக் குறித்துவைக்கிற லாக் புக்கில் ஒரு கையெழுத்துக்காக நாங்கள் அறை வாசலில் நிற்கிற நேரத்தில் பாதி போதும் சார்.